வாசலுக்கு வந்த சாம்பார்

கோணவாய்க்காலில் தெய்வசிகாமணி, குப்பாண்டி, மாசிலாமணி என மூன்று பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தினார்கள். மூவருக்கும் சேர்த்து அரை மூளை என்று ஊரில் பேச்சு. அது கொஞ்சம் கூடுதலான கணக்கு.

கல்யாண மண்டபத்து வேதவல்லி அம்மாளுக்காகப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு நிரல் தொகுப்பு எழுதியிருந்தார்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு பருப்பு என்று அது சொல்லும். ஆனால் 'சமையல், மதியம், குழம்பு, சாம்பார்' என நான்கு பெயரையும் வரிசையாக எழுதிக் கூப்பிட்டால்தான் சொல்லும்.

"சாம்பாரைக் கூப்பிடறதுக்குள்ள பந்தியே முடிஞ்சிடும்! நாலு மணிக்கு வருவேன். ஒரே பேரைச் சொன்னா வரணும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அம்மாள்.

கம்பெனிக்கு இருந்த வாடிக்கை அது ஒன்றுதான். கணக்குப் புலியான தெய்வசிகாமணி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டார். சென்னையில் இதே தொழில் செய்யும் தங்கை வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"ரொம்பச் சுலபம் மச்சான். தொகுப்புக்கு வாசல் மாதிரி ஒரு ஃபைல் வைங்க. உள்ளே இருக்கிற பேரையெல்லாம் அதுல எழுதுங்க. எல்லாம் வாசலுக்கு வந்துடும். கேக்கறவங்க உள்ளே நுழையவே வேண்டாம்."

தெய்வசிகாமணி உள்ளே சுற்றிப் பார்த்து, ஒன்று விடாமல் கம்ப்யூட்டரில் எழுதினார்: மேசை மூன்று, நாற்காலி ஐந்து, பீரோ ஒன்று, தண்ணீர்க் கேன் இரண்டு, கம்ப்யூட்டர் ஒன்று. மூவரும் வாசலையே அரைமணி நேரம் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"பீரோ கனம். அதான் தாமதம்" என்றார் குப்பாண்டி.

"நாற்காலிக்கு என்ன கேடு? நாலு கால் இருக்கே!" என்றார் மாசிலாமணி.

"நாமதான் கைகொடுக்கணும் போல" என்று முடிவு சொன்னார் தெய்வசிகாமணி.

மூன்றே முக்காலுக்குப் பன்னிரண்டு சாமானும் வாசலை அடைத்து நின்றன. எலி நுழைய இடமில்லை. மூவரும் உள்ளே.

அம்மாள் வந்தார். பீரோவைப் பார்த்தார். தெருவில் நின்றபடியே கத்தினார்: "சாம்பார்! நானூறு பேருக்கு!"

"பருப்பு பன்னிரண்டு கிலோம்மா!" என்று பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தது. தெய்வசிகாமணி விரல்விட்டு எண்ணியதுதான்.

"அட, ஒரே பேருக்கு வந்துடுச்சே! காலையில அஞ்சு மணிக்கு மூணு பேரும் மண்டபத்துல இருக்கணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் வேலை உங்களுக்கு இல்ல."

உள்ளே ஒரே கும்மாளம். அப்புறம் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியைக் காணோம்.

"சாமானை நகத்தலாமா?" என்றார் குப்பாண்டி.

"ஐயோ, சாம்பார் திரும்ப உள்ளே போயிடும்!" என்றார் மாசிலாமணி.

தெய்வசிகாமணி யோசித்தார். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, பட்டியலின் கடைசியில் 'ஆள் மூன்று' என்று சேர்த்தார். இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

"மாப்ளே, எங்க பேரையும் எழுதிட்டோம். இன்னும் ஒருத்தர்கூட வாசலுக்கு வரல. பீரோவுக்கு நாங்க மூணு பேர் கைகொடுத்தோம். எங்களைத் தூக்கிக்கிட்டுப் போக மெட்ராஸ்லேருந்து எத்தனை ஆள் அனுப்பறீங்க?"