ஜீப் சுற்றி வந்த வழி

எந்தப் பொக்லைன் வெட்டுகிறது, எது சும்மா உறுமிக்கொண்டு நிற்கிறது என்பதெல்லாம், வண்டிகளில் பொருத்திய கருவி வழியாகக் குவாரி முதலாளி வையாபுரியின் கைப்பேசியில் தெரியும்.

"உன் வண்டிதான்டா அதிகமா நின்னு டீசல் குடிக்குது. காரணம் சொல்லு, இல்ல சாவியை வச்சுட்டுக் கிளம்பு" என்றார், குவாரி வாசலோரம் வெட்டும் செங்கோடனிடம்.

"உங்க ஜீப்லயும் அந்தக் கருவி இருக்குதுங்களே. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க."

நேற்றைய நாள் திரையில் ஓடியது. நீலப் புள்ளியாக ஜீப் நுழைந்தது. அது நெருங்க நெருங்க, வெட்டிக்கொண்டிருந்த பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி நின்றன, கடந்ததும் பச்சையாயின. காற்றில் நாற்று சாய்ந்து நிமிர்வதுபோல இருந்தது.

"ஜீப் வந்தா போட்டது போட்டபடி இறங்கிக் கும்பிடணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. என்னைப் போறப்பவும் வர்றப்பவும் தாண்டுறீங்க."

வையாபுரி கண்ணெடுக்காமல், "இன்னொரு தரம் ஓட்டு" என்றார்.

மறுநாள் ஜீப் வந்தபோது செங்கோடன் இறங்கவில்லை. வையாபுரிதான் ஜீப்பிலிருந்து கையைத் தூக்கிக் கும்பிட்டார்.