சிங்கராயரின் கைது

ஆண்டிபட்டியில் நூலக மாடியில் மெகர்நிஷா கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திவந்தாள். படிக்க வந்தவர்கள் எல்லோருமே அவளைவிட மூத்தவர்கள். போனில் தென்படும் புரியாத வார்த்தைகளுக்கு அவளிடம் அர்த்தம் கேட்பார்கள்.

அதிகம் கேட்பவர் சிங்கராயர். விதைக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். மனைவி இல்லை. ஒரே மகன் ஜெரால்டு மஸ்கட்டில் வேலை பார்க்கிறான்.

ஒருநாள் கிளவுட் என்றால் என்னவென்று கேட்டார்.

"அடுத்தவர் வீட்டுப் பரண். நம்ம சாமான் அங்க கிடக்கு" என்றாள்.

ஓ.டி.பி. என்றால் என்னவென்று கேட்டபோது பதில் சொல்லாமல் அவருடைய வீட்டுச் சாவியைக் கேட்டாள். அவர் தயங்கி, சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அதேதான் ஐயா."

அப்படிப்பட்டவர் திடீரென்று வகுப்புக்கு வரவில்லை. கூப்பிட்டால் லைன் பிஸியாகவே இருந்தது. காலை வகுப்பை முடித்துக்கொண்டு மெகர்நிஷா அவர் வீட்டுக்குப் போனாள்.

கதவு ஒருக்களித்துத் திறந்தது. சிங்கராயரின் கண்கள் வீங்கியிருந்தன. உதட்டில் விரலை வைத்து எச்சரித்தார். உள்ளே மேசையில், செம்பில் சாய்த்து வைத்த போன். அதில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன்.

"யார் வந்தது?" என்றது போன்.

"தண்ணி கேன் போடற பொண்ணு சார்."

பிறகு வாசலில் நின்று கிசுகிசுத்தார். ஜெரால்டு பெயரில் வந்த பார்சலில் போதை மாத்திரை பிடிபட்டிருக்கிறதாம். தகப்பன், மகன் இருவர் மேலும் கேஸாம். விசாரணை முடியும்வரை கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் மூச்சு விடக் கூடாது, மீறினால் மகனையும் தூக்கிவிடுவார்களாம். நேற்றிலிருந்து அவர் தூங்கவில்லை. பாத்ரூமுக்குக்கூடக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

"டிஜிட்டல் அரெஸ்ட்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன டீச்சர்?"

அப்படி ஒரு கைதே கிடையாது, ஏமாற்று என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, இப்போது எந்த வார்த்தையும் அவர் காதில் ஏறாது என்று தெரிந்தது. அந்தக் காக்கியையும் தோளில் இருந்த நட்சத்திரங்களையும் பார்த்து, நிஜப் போலீஸோ என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது.

நேராக உள்ளே போய் போன் முன்னால் நின்றாள். சிங்கராயர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், நான் இவருக்குத் தெரிஞ்ச பொண்ணு. கைதானவர் வீட்டுல இருந்தா தப்பாச்சே. ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு. நானே கூட்டிட்டுப் போய் ஒப்படைச்சிடறேன்."

அவன் அவசரமாகக் குறுக்கிட்டான்.

"வேண்டாம். அவர் வெளியே வரக் கூடாது."

"போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் சார்."

"ஸ்டேஷன் பக்கம் போனா அவர் மகன் உயிரோட இருக்க மாட்டான்."

சிங்கராயர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மெகர்நிஷா போனைக் கையில் எடுத்தாள். இன்னொரு கையை அவரிடம் நீட்டினாள்.

"வாங்க ஐயா."

எப்படி எழுந்தோம் என்று பின்னால் அவருக்கு நினைவில்லை. தெருவில் நடந்தார்கள். அவள் கைக்குள்ளிருந்து அந்தக் குரல் அதட்டிக்கொண்டே வந்தது. கடைத்தெருவைத் தாண்டியதும் சமாதானம் பேசியது. கேஸை முடித்துவிடலாம், வீட்டுக்குத் திரும்புங்கள் என்றது. ஒவ்வொரு முறையும் சிங்கராயர் நின்றார். ஒவ்வொரு முறையும் அவளும் நின்று, அவர் காலெடுத்து வைக்கும்வரை காத்திருந்தாள்.

காவல் நிலையம் வந்ததும் கேமராவை அதன் பெயர்ப்பலகைக்கு நேராகத் திருப்பினாள்.

லைன் அறுந்தது.

சிங்கராயர் வெகுநேரம் அந்த இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளே ஜெரால்டின் எண்ணைப் போட்டு அவர் காதில் வைத்தாள். மகன் வேலையிடத்தில் இருந்தான். சாப்பிட்டாச்சா அப்பா என்று கேட்டான். ஆச்சுப்பா என்று மட்டும் சொன்னார்.

போனை வாங்கிக்கொண்டு அவள் நிலையத்தின் கேட்டைத் தள்ளினாள். சிங்கராயர் வெளியிலேயே நின்றார்.

"பையன் நல்லா இருக்கான். போன்ல பேசினவன் போலீஸ் இல்லைன்னும் தெரிஞ்சுபோச்சு. ஆனா இந்த நடுக்கம் நிக்கலையே டீச்சர்."

மெகர்நிஷா தன் கையை நீட்டிக் காட்டினாள். அதுவும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கும்தான் ஐயா. வாங்க, நடுங்கிக்கிட்டே உள்ள போய்ச் சொல்வோம்."