தம்பி வீடு தெரியும் மனை

“அம்மா, மண்ணு சரியா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுவேன்” என்றார் வேம்புலி.

மடத்து அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவர் எதிரில் வேம்புலி உட்கார்ந்து பேசியதில்லை. லாரி ஓட்டி ஓய்ந்த பிறகு, மடத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு பின்கொட்டகையில் படுத்துக் கிடந்தவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆயுசுக்கும் சேர்த்தது ஒரு மனைக்குத்தான் வரும். அது தப்பினால் இன்னொன்று கிடையாது.

“மண்ணைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? வரேன், பார்ப்போம்” என்றார் அம்மா.

மனை விற்கும் கம்பெனியின் வேன் மடத்து வாசலுக்கே வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஏரிக்கு அந்தப்பக்கம் வெட்டவெளியில் கலர்க் கொடிகள். பந்தல். பிரியாணி அண்டா. இறங்கினவர்களுக்கு ஆளுக்கொரு இளநீர்.

மனை விற்க நின்ற பையன் பெயர் கிஷோர். வேம்புலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“ஐயா, என்னை உங்க புள்ளையா நெனச்சுக்கோங்க. யார் கண்ணு முன்னாடி வாழ்ந்து காட்டணும்னு உங்க மனசுல இருக்கு?”

வேம்புலியை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பாகப் பிரிவினையில், தம்பி சின்னத்துரை பக்கத்து ஊரிலிருக்கும் பெரிய வீட்டை எழுதி வாங்கிக்கொண்டது. ஊரே அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது. இவர் பெண்டாட்டியைப் பாடையில் தூக்கிக்கொண்டு போன அன்று, தம்பி பெண்சாதி மாடியில் துணி காயப்போட்டபடி நின்றது. நாள் கிழமையோடு ஒன்று விடாமல் சொன்னார்.

கிஷோர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வரைபடத்தை விரித்தான்.

“பதினேழாம் நம்பர் மனை உங்களுக்குன்னே மிச்சம் இருக்குங்கய்யா. அங்கேருந்து உங்க தம்பி வீட்டு மாடி தெரியும்.”

போய்ப் பார்த்தார்கள். தெரிந்தது. கருவேல மரங்களுக்கு மேலே, பச்சைப் பெயிண்ட் அடித்த மாடி.

“எங்க கம்பெனியே தவணையில மூணு மாடி கட்டித் தந்துடும். அவரு காலையில பல்லு வெளக்க வந்தா உங்க வீட்டு மூஞ்சியிலதான் முழிக்கணும்.”

“மூணு மாடியில யாரு இருப்பாங்க பெரியவரே?” என்றார் அம்மா.

“நான்தாம்மா.”

“மூணுலயுமா?”

வேம்புலி பச்சை மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மண்ணையும் பார்த்துடலாம். எங்ககிட்ட ஒளிவுமறைவு கிடையாது” என்றான் கிஷோர்.

கடப்பாரைக்காரன் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டினான். தோண்டிய மண்ணை அதே குழியில் தள்ளினான். குழி நிறைந்து, மேலே ஒரு குவியல் நின்றது.

“மண்ணு மிஞ்சினா நல்ல மனை, குறைஞ்சா ஆகாது. உங்களுக்குத் தெரியாததா? சாயங்காலம் ஒரு டாக்டர் இதே மனையைக் கேட்டு வர்றாருங்கய்யா” என்றான் கிஷோர்.

வேம்புலி பேனாவை வாங்கிக்கொண்டார்.

“செருப்பைக் கழட்டுங்க பெரியவரே” என்றார் அம்மா. “அந்த மண்ணை மறுபடி வெளியே வாரி, கொஞ்சங் கொஞ்சமாப் போடட்டும். நீங்க உள்ள நின்னு மிதிங்க.”

கிஷோர் சிரித்தான். “மிதிக்கறது சாஸ்திரத்துல இல்லீங்கம்மா.”

“வீடு மிதிக்காதா தம்பி?”

வேம்புலி இறங்கி மிதித்தார். செங்கல் துண்டும் பாலித்தீன் பையும் கலந்த மண் காலடியில் பொதபொதவென்று அமுங்கியது. கடைசிக் கூடையும் உள்ளே போன பிறகு, குழி ஒரு சாண் குறைந்திருந்தது.

கிஷோர் வரைபடத்தை மறுபடி விரித்தான்.

“அப்போ நாப்பத்தொண்ணாம் நம்பரைப் பாருங்கய்யா. கெட்டி மண்ணு. யாரும் கேக்கறதில்ல, விலையும் கம்மி.”

அது கிழக்குக் கோடியில் இருந்தது. அங்கேயும் குழி தோண்டினார்கள். வேம்புலி மூச்சு வாங்க மிதித்தார். மிதித்த பிறகும் ஒரு கூடை மண் மிஞ்சியது.

“இதாங்க மனை” என்றான் கடப்பாரைக்காரன், கிஷோரைப் பார்க்காமல்.

வேம்புலி நிமிர்ந்து மேற்கே பார்த்தார். நடுவில் ஒரு புளியந்தோப்பு. குதிகாலை உயர்த்திப் பார்த்தார். ஒரு கல்லின்மேல் ஏறி நின்றும் பார்த்தார்.

“இங்கேருந்து தம்பி வீடு தெரியலையேம்மா.”

கல்லிலிருந்து இறங்கினார்.

“பதினேழையே முடிச்சுடறேன். அஸ்திவாரத்தை ஆழமாப் போட்டா சரியாப் போயிடாதா?”

“தாராளமாப் போடலாங்கய்யா” என்று கிஷோர் படிவத்தை நீட்டினான்.

“பெரியவரே, உங்களுக்கு எதுக்கு வீடு?” என்றார் அம்மா.

வேம்புலிக்கு முகம் சுண்டிவிட்டது.

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? சாகறதுக்குள்ள ஒரு நாளாவது சொந்த வீட்டுல குடியிருக்க வேண்டாமா?”

“பத்தொன்பது வருஷமா நீங்க உங்க தம்பி வீட்டுலதானே குடியிருக்கீங்க.”