கஞ்சி போன வழி

பசி என்று வருகிறவரை யார், எந்த ஊர் என்று விசாரிக்காத மடம் ஒன்று நல்லேரி நகரில் இருந்தது. அதன் தலைவி நாச்சியாரம்மா. அதிகம் பேசமாட்டார். மடைப்பள்ளியைக் கவனித்துக்கொண்டவர் அவருடைய சீடர் சிற்றம்பலம். வயதில் குருவைவிட மூத்தவர். தலை பாதி நரைத்த பிறகுதான் அவரிடம் வந்து சேர்ந்தார்.

சிற்றம்பலம் சோற்றைச் சோறு என்று சொல்லமாட்டார். அன்னம் என்பார். ஒரு பருக்கை தரையில் விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அண்டா அண்டாவாக வடிக்கிற கஞ்சியும் அவருக்கு அன்னம்தான். தெரு மாடுகள் குடித்தது போக மிச்சமெல்லாம் சுவரில் இருந்த ஒரு துளை வழியாக வெளியே போய், தெருவோரத்து மழைநீர் வடிகாலில் விழுந்தது.

ஒருநாள் நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்தார். ஜெயசீலி என்று பெயர். துளையைக் குனிந்து பார்த்தார்.

"சாமி, இது மழைத் தண்ணிக்கு மட்டும் கட்டின வடிகால். சமையல் தண்ணி பாதாளச் சாக்கடைக்குத்தான் போகணும். நடுவுல ஒரு வண்டல் தொட்டி கட்டிடுங்க. இந்தத் துளையை அடைச்சிடுங்க."

"கஞ்சி என்னம்மா அழுக்கா? அன்னத்தோட தண்ணி."

"உள்ளே போய் இறுகுச்சுன்னா அன்னமும் அடைக்கத்தான் செய்யும், சாமி. மழைக்காலம் வருது. கீழத்தெரு பள்ளம்."

நாச்சியாரம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அவங்க சொன்னபடி செஞ்சிடுங்க, சிற்றம்பலம்" என்றார்.

கொத்தனார் வந்தார். தொட்டி கட்டினார். சாக்கடைக் குழாயோடு இணைத்தார். துளையை அடைத்தார். ஜெயசீலி வந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்.

முதல் நாள் கஞ்சி அந்தக் குழாய்க்குள் இறங்கியதைச் சிற்றம்பலம் பார்த்துக்கொண்டு நின்றார். கழிப்பறைத் தண்ணீர் போகிற பாதை அது. அன்னம் தொட்ட தண்ணீரை அதோடு கலப்பதா? அன்று மத்தியானம் எல்லோரும் படுத்திருந்த நேரத்தில் அவரே உளியை எடுத்துத் துளையைத் திறந்தார். தொட்டியின் வாயை ஒரு பலகைக்கல்லால் மூடினார்.

"புது ஏற்பாடு நல்லா வேலை செய்யுதா?" என்று குரு கேட்டார்.

"செய்யுதும்மா" என்றார் சிற்றம்பலம்.

மழைக்காலம் வந்தது. பெரிய மழை என்று சொல்ல முடியாது. வழக்கமாகப் பெய்வதுதான். ஆனால் கீழத்தெருவில் தண்ணீர் ஏறியது. கட்டில் கால் முழுகியது. அடுப்புகள் முழுகின. பொழுது விடிந்து மழை விட்டதும் தெருச் சனம் முழுக்க ஈரத் துணியோடு மடத்துக்கு வந்தது.

சிற்றம்பலம் உலை ஏற்றினார். பந்தியில் அவரே பரிமாறினார். மடத்துச் சுவரை அடுத்த முதல் வீட்டில் தையல் தைக்கும் மரகதம், இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"தைக்க வந்த துணி அத்தனையும் போச்சு சாமி. கல்யாண ரவிக்கை நாலு. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"சாப்பிடும்மா."

"எத்தனையோ மழை பார்த்தாச்சு. வெள்ளை வெளேர்னு தண்ணி வந்து இப்பத்தான் பார்க்கறேன். பருக்கை வேற மிதக்குது." அவள் பக்கத்து இலைக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். "யார் வீட்டு விருந்தோ! கூப்பிடாமலே நம்ம வீட்டுக்கு வந்திருக்கு."

பந்தி சிரித்தது. சிற்றம்பலம் இலையைப் பார்க்காமலே கரண்டியைச் சாய்த்தார். குழம்பு இலைக்கு வெளியே விழுந்தது.

"பரவாயில்ல சாமி. இந்தக் கைதானே இன்னிக்கு எங்களுக்குச் சோறு போடுது. நல்லா இருக்கணும்."

அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. கரண்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, குருவிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். உளி எடுத்ததைச் சொன்னார். மரகதம் வாழ்த்தியதையும் சொன்னார்.

"நல்லா வேலை செய்யுதுன்னு என்கிட்ட சொன்னீங்க" என்றார் நாச்சியாரம்மா.

"பொய் சொன்னேன்."

"ம்."

"ஒரு மண்டலம் உபவாசம் இருக்கறேம்மா. மௌன விரதமும் இருக்கறேன். இந்தப் பாவம் போகணும்."

"மௌனமா? அது உங்களுக்குச் சுலபமாச்சே. இத்தனை நாள் அதுதானே இருந்தீங்க."



நாச்சியாரம்மா எழுந்து போய், பூஜையறையிலிருந்து பித்தளைச் செம்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்த மரகதம் வீட்டுல நிக்கிற தண்ணியில ஒரு செம்பு மொண்டு வாங்க. இன்னிக்குப் பூஜைக்கு அதுதான்."

"அம்மா, அந்தத் தண்ணியா?"

"அன்னத்தோட தண்ணின்னு நீங்கதானே சொன்னீங்க."

மரகதம் அதற்குள் வீடு திரும்பியிருந்தாள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். தையல் எந்திரம் மேசை மேல் ஏறி நின்றது. அதன் காலில் சோற்றுப் பசை ஒட்டியிருந்தது.

"வாங்க சாமி. உட்காரச் சொல்ல இடமில்ல." செம்பைப் பார்த்தாள். "இது எதுக்கு?"

"இந்தத் தண்ணி கொஞ்சம் வேணும்."

"இந்தச் சாக்கடையா? பூஜைச் செம்புலயா? உங்களுக்கு என்ன ஆச்சு?"

அவர் குனிந்து மொள்ளப் போனார்.

"இருங்க, அங்க மொள்ளாதீங்க. வாசல்ல புதுசா வருது. அது கொஞ்சம் பரவாயில்ல." வடிகால் மூடியின் இடுக்கைக் காட்டினாள். வெள்ளையாக ஏதோ கசிந்து, வாசற்படி தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. "மழை விட்டு எவ்வளவு நேரமாச்சு! இது மட்டும் நிக்கல. தொட்டுப் பாருங்க சாமி, வெதுவெதுன்னு இருக்கு. மழைத் தண்ணி எங்கயாவது சுடுமா?"

சிற்றம்பலம் தொட்டுப் பார்த்தார்.

அடுத்த பந்திக்கு இரண்டாம் உலை இறக்கியிருப்பார்கள். இதே தெருக்காரர்களுக்கான சோறு. இப்போதுதான் வடித்திருப்பார்கள். துளையை அடைக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. பாவம் எப்படிப் போகும் என்று கேட்கத்தான் குருவிடம் ஓடினார்.

"இது மழைத் தண்ணி இல்லம்மா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "எங்க மடத்துக் கஞ்சி. வடிகால்ல விடக் கூடாதுன்னு நகராட்சி அம்மா சொன்னாங்க. நான்தான் விட்டேன். உள்ளே இறுகி அடைச்சிருக்கு."

வாளி அவள் கையிலேயே நின்றது.

"எப்பச் சொன்னாங்க?"

"மழைக்கு முன்னாடியே."

"கீழத்தெரு பள்ளம்னு தெரியுமா உங்களுக்கு?"

"அதையும் சொன்னாங்க."

மரகதம் எந்திரத்தைப் பார்த்தாள். சுவரோரம் பிழிந்து போட்டிருந்த ரவிக்கைத் துணிகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"நான் உங்க கையை வாழ்த்தினேனே" என்றாள் அவள். அவ்வளவுதான். பிறகு வாளியால் வாசலைக் காட்டினாள். "இங்க நின்னு என்ன செய்யப் போறீங்க? போய் முதல்ல அதை அடைங்க. இன்னும் வருது பாருங்க."

அவர் செம்பை நிரப்பிக்கொண்டு ஓடினார். மடைப்பள்ளிக்குள் ஈரக் காலோடு நுழைந்தார். தொட்டியின் வாயிலிருந்த கல்லைப் புரட்டித் தள்ளினார். சாக்கையும் களிமண்ணையும் சேர்த்துத் துளைக்குள் திணித்தார். அண்டாவிலிருந்து இன்னும் வடிந்துகொண்டிருந்த கஞ்சி வேறு வழியில்லாமல் திரும்பித் தொட்டிக்குள் இறங்கியது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். "என்ன ஆச்சு சாமி?" என்று கேட்டார்கள். கீழத்தெருவில் சொன்னதை அவர்களிடமும் சொன்னார். இந்தத் தடவை குரல் கேட்டது. வடிகாலைத் திறந்து சுத்தம் செய்ய ஆள் அனுப்பும்படி ஜெயசீலிக்குத் தகவல் சொல்லச் சொன்னார். அது அடைபட்டது யாரால் என்பதையும் சேர்த்தே சொல்லச் சொன்னார்.

பிறகு செம்பை எடுத்துக்கொண்டு பூஜையறைக்குப் போனார்.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரை துடைத்து, கோலம் போட்டிருந்தது. நாச்சியாரம்மா மணையில் உட்கார்ந்திருந்தார்.

"கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வந்தேம்மா."

"உள்ளே வாங்க."

சிற்றம்பலம் ஒரு காலைத் தூக்கினார். செம்பிலிருந்து புளித்த வாடை அடித்தது. தண்ணீரின் மேல் ஓர் ஊறிய பருக்கை மிதந்தது. தூக்கிய காலை வாசற்படிக்கு வெளியிலேயே வைத்தார்.

"அம்மா, இதை எடுத்துக்கிட்டு நான் எப்படி உள்ளே வருவேன்?"

நாச்சியாரம்மா திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"மரகதம் வீட்டுக்குள்ள போறப்ப அது யாரைக் கேட்டுக்கிட்டுப் போச்சு, சிற்றம்பலம்?"