மூன்றாவது உருண்டை

உமையாள் அம்மாவின் கூடத்தில் ஞாயிறுதோறும் முப்பது பேர் கண்ணை மூடி உட்கார்வார்கள். இருபத்தொன்பது பேர் தியானம் செய்வார்கள். பிரம்மநாயகம் தூங்குவார்.

அதுவும் முதல் வரிசையில், முதுகு வளையாமல், மெல்லிய குறட்டையோடு. பக்கத்தில் இருந்தவர் ஒருமுறை இடித்து எழுப்பப் பார்த்தபோது, வேண்டாம் என்று அம்மா கைகாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவரை யாரும் தொடவில்லை.

எல்லோரும் அம்மா என்று அழைத்தாலும் அவளுக்கு முப்பத்து நாலு வயதுதான். பிரம்மநாயகத்துக்கு நாற்பத்தொன்பது. அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் கிடையாது.

பிரம்மநாயகத்துக்குப் புறவழிச்சாலையில் ஓர் எடைமேடையில் வேலை. லாரிகளை எடைபோட்டுச் சீட்டுக் கொடுக்க வேண்டும். இருபத்தாறு வருஷ அனுபவத்தில் அவர் கண்டுபிடித்த உண்மை ஒன்று இருந்தது. காலி லாரி மேடையில் ஏறும்போது குதிக்கும், லோடு ஏற்றிய லாரி ஆடாமல் அசையாமல் நிற்கும். அந்த உண்மையை அவர் லாரியோடு விட்டிருக்கலாம்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து அவருக்கும் செண்பகத்துக்கும் ஒரு பெண் பிறந்தாள். வடிவு என்று பெயர். இப்போது எட்டு மாதம், சிரித்தால் கீழே இரண்டு பல் தெரியும். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பிரம்மநாயகத்துக்குச் சாப்பாடு மறந்துவிடும். வடிவுக்கோ ராத்திரித் தூக்கம் மறந்துபோயிருந்தது.

ஒரு புதன்கிழமை காலை அவர் தனியாகக் கூடத்துக்கு வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

“அம்மா, மனசை அடக்க எத்தனையோ வழி சொல்லுதீங்க. ஒரு பச்சப் பிள்ளையைத் தூங்க வைக்க ஒரு வழியும் இல்லையா?”

உமையாள் அம்மா உட்காரச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கொட்டினார்.

ஆறு மாதம் முடிந்ததும் கூழ் ஆரம்பிக்கலாம், ஆனால் ஒரு வயசு வரைக்கும் பால்தான் முக்கியம், கூழ் அதற்குத் துணைக்குத்தான் என்று அங்கன்வாடியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவரும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். அப்போது வடிவு ராத்திரியில் இரண்டு தடவை எழுவாள். செண்பகத்தின் கண்ணுக்கடியில் கருவளையம் விழ ஆரம்பித்திருந்தது. அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. தன்னால் பால் கொடுக்க முடியாது, கூழ் கொடுக்க முடியுமே என்று கரண்டியைக் கையில் எடுத்தார்.

கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோறு. மூன்று கரண்டியில் ஆரம்பித்தது ஆறாகி, பிறகு ஒரு கிண்ணமானது. பிள்ளை வாயைத் திறந்தால் போதும், கரண்டி தயாராக இருக்கும். வயிறு முட்டியதால் பகலில் வடிவு தாயிடம் பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராத்திரி இரண்டு தடவை எழுந்தவள் நாலு தடவை, ஐந்து தடவை எழுந்தாள். லோடு பத்தவில்லை என்று பிரம்மநாயகம் முடிவுகட்டி இன்னொரு கிண்ணம் வாங்கினார்.

“நேத்து மத்தியானம் செண்பகம் பிள்ளையை மடியில வச்சிக்கிட்டே அசந்துட்டா. பிள்ளை நழுவிக் கீழே விழுந்துட்டு.”

உமையாள் அம்மாவின் முகம் மாறியது.

அடி ஒன்றும் இல்லை என்று அவர் அவசரமாகச் சொன்னார். கீழே பாய் விரித்திருந்தது, டாக்டரிடமும் காட்டியாகிவிட்டது. வடிவு கொஞ்சம் அழுதுவிட்டுச் சிரித்துவிட்டாள். செண்பகம்தான் இன்னும் அழுகையை நிறுத்தவில்லை. நேற்றிலிருந்து அவள் பிள்ளையைத் தூக்கவே இல்லை. பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் தருகிறாளே தவிர, கையில் வாங்க மாட்டேன் என்கிறாள்.

“அவ கையே அவளுக்குப் பயமாப் போச்சு அம்மா. இன்னைக்கு ராத்திரி மட்டும் பிள்ளை முழுசாத் தூங்கிட்டா எல்லாம் சரியாயிரும். இன்னும் எவ்வளவு கொடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

“நீங்க எப்போ சாப்பிட்டீங்க?”

அவர் யோசித்தார். நேற்று மத்தியானம் என்று நினைவு.

உள்ளே போனவள் ஒரு சட்டி எள்ளுச்சாதத்தோடும் ஒரு செம்புத் தண்ணீரோடும் வந்து எதிரே உட்கார்ந்தாள். செம்பைத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள். கையை நீட்டுங்கள் என்றாள். அவர் நீட்டியதும் ஓர் உருண்டை உருட்டி உள்ளங்கையில் வைத்தாள்.

தன் குருவின் கையால் சோறு. பிரம்மநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிட்டார். இரண்டாவது வந்தது, அதையும் சாப்பிட்டார். மூன்றாவதுக்குத் தொண்டை அடைத்தது.

“அம்மா, கொஞ்சம் தண்ணி...” என்று வாயைத் திறந்தார். நாலாவது உருண்டை கையில் விழுந்தது.

குரு கொடுத்ததைக் கீழே வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தார். ஐந்தாவது வந்தது. கண்ணால் செம்பைக் காட்டினார். ஆறாவது வந்தது, முன்னதைவிடப் பெரிதாக.

“நல்லாச் சாப்பிடுதீங்க அண்ணே” என்றாள். குரலில் அவ்வளவு பிரியம்.

லாரி டிரைவர்களோடு மல்லுக்கட்டிப் பழகிய மனிதருக்கு ஒரு நிமிஷம் சுள்ளென்று கோபம் வந்தது. ஏழாவது உருண்டையில் அதுவும் போய்விட்டது. விக்கல் எடுத்தது, வியர்த்தது. பேச நாக்கு எழவில்லை. கடைசியில் அந்தப் பெரிய மனிதர் இரண்டு கைகளையும் குவித்து வாயருகே கொண்டுபோய், சத்தமில்லாமல் அழுதார்.

உமையாள் அம்மா உடனே செம்பை எடுத்து ஊற்றினாள். அவர் குடித்துக்கொண்டே இருந்தார். செம்பு காலியான பிறகுதான் மூச்சு விட்டார்.

“ஏம்மா இப்படிச் செஞ்சீங்க?”

“வாயைத் திறந்தீங்க. பசின்னு நினைச்சேன்.”

“தண்ணிக்குல்லா திறந்தேன்...”

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. குவித்த கையை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஈரக் கையில் ஒட்டியிருந்த எள்ளைக்கூடத் தட்டிவிடவில்லை. வாசலில் ஏதோ ஒரு வண்டி நின்று, திரும்பி, போய்விட்டது.

பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்போ கூழை நிறுத்திரட்டுமா?”

“முதல் ரெண்டு உருண்டை எப்படி இருந்திச்சு?”

“அமிர்தம்.”

“அதை நிறுத்தச் சொன்னது யாரு?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிட்டையை எடுத்தார். பால் எத்தனை தடவை, கூழ் எத்தனை கரண்டி, எது முதலில், எது பின்னால், எத்தனை மணிக்கு என்று கோடு போட்டு எழுதிக்கொள்ளத் தயாரானார். உமையாள் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கன்வாடியில் சொன்னதுதான், வேறு சொல்ல ஒன்றும் இல்லை என்றாள். மிச்சத்தை வடிவையே கேட்கலாம் என்றாள்.

“கேட்டாத் தூங்குவாளா அம்மா?”

“எந்திரிக்கத்தான் செய்வா. பிள்ளைதானே.”

அது அவர் எதிர்பார்த்து வந்த பதில் இல்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டார். செண்பகம் மதினியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உமையாள் அம்மாவும் கூடவே கிளம்பினாள். மூன்று தெரு தள்ளித்தான் வீடு.

வடிவு வீட்டுக் கூடத்தில் பாயில் கிடந்தாள். செண்பகம் எட்டாத தூரத்தில், கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பிள்ளையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்படி ஒரு ஆசையும் அப்படி ஒரு பயமும் ஒரே முகத்தில் பிரம்மநாயகம் பார்த்ததில்லை. வந்தவளைப் பார்த்து எழுந்திருக்கப் போனாள். உமையாள் அம்மா அவள் தோளைத் தொட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அப்பாவைக் கண்டதும் வடிவு வாயைத் திறந்து அழ ஆரம்பித்தாள். பிரம்மநாயகத்தின் கை தன்னால் கூழ்க் கிண்ணத்துக்குப் போனது. மூடியைத் தொட்டு நின்றது. உமையாள் அம்மா எதையும் கவனிக்காதவள் மாதிரி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கிண்ணத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கி, செண்பகத்தின் முன்னால் மண்டியிட்டு நீட்டினார். பாலின் வாடை வந்ததும் வடிவு அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தாயின் பக்கம் சாய்ந்தாள். செண்பகம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“வேண்டாங்க. என் கையில கொடுக்காதீங்க. நான் தூங்கிருவேன்.”

“ஒண்ணும் ஆகாது, பிடி.”

“நேத்தும் அப்படித்தான் நினைச்சேன்.”

நடுவில் பிள்ளை இரண்டு கையையும் தாயை நோக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பித் தன் குருவைப் பார்த்தார்.

“அவ சொல்லுததும் சரிதானே அம்மா. மறுபடியும் தூங்கிட்டா என்ன செய்ய?”

உமையாள் அம்மா செண்பகத்தின் கைகளைத் தலைப்பிலிருந்து விடுவித்து அவள் மடியில் விரித்து வைத்தாள்.

“நல்லாத் தூங்கட்டும் அண்ணே. நீங்க எதிர்ல உட்காருங்க. கரண்டியை விட்டாச்சு, உங்க ரெண்டு கையும் இப்போ சும்மாத்தானே இருக்கும்?”