பந்து எதிரணிக்கு

"மேடம், எனக்கு ஏதாவது தண்டனை குடுங்க."

கேட்டவர் அற்புதராஜ். இருபத்திரண்டு வருஷமாகக் கூடைப்பந்து நடுவர். மைதானத்தில் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். ஊதினால் ஊதியதுதான்.

ஜெசிந்தா, நடுவர்களுக்கு விதிமுறை வகுப்பு எடுப்பவர். அவரைவிடப் பத்து வயது இளையவர். பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் செஞ்சீங்க?"

"மாவட்ட ஃபைனல். ஒரு பாயின்ட் பின்னாடி, பன்னிரண்டு செகண்டு பாக்கி. பின்தங்கின டீம்ல இசக்கிங்கிற பொண்ணு பந்தைத் தட்டிக்கிட்டே வந்து ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டா. மறுபடி தட்டினா. பிடிச்ச பந்தை மறுபடி தட்டக் கூடாதே, டபுள் டிரிபிள்னு ஊதிட்டேன்."

"சரிதானே?"

"நடுவுல எதிராளி கை பட்டுப் பந்து தெறிச்சிருக்கு மேடம். அப்படின்னா மறுபடி தட்டலாம். யாரோ போன்ல எடுத்த வீடியோவுல பிறகுதான் பார்த்தேன்."

ஜெசிந்தா காற்றடிப்பதை நிறுத்தினார்.

"டபுள் டிரிபிளுக்கு என்ன தண்டனை?"

புதுசாக வருகிறவர்களிடம் கேட்கும் கேள்வி. அற்புதராஜுக்குச் சுருக்கென்றது.

"பந்து எதிரணிக்கு. கோட்டுக்கு வெளியே நின்னு எறிவாங்க."

"பாயின்ட் போகுமா?"

"போகாது."

"ஃபவுல் ஏறுமா?"

"ஏறாது. இருக்கிறதிலேயே சின்னத் தண்டனை மேடம்."

"இசக்கிக்கு?"

அற்புதராஜ் தரையைப் பார்த்தார். விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட், அந்த மேட்சை நம்பித்தான் இருந்தது. தோற்ற டீமில் ஒருத்தரையும் எடுக்கவில்லை. அவள் இப்போது மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

"சோறு இறங்கல மேடம். விசிலைத் தொடவே கை கூசுது."

ஜெசிந்தா பந்தை அவரிடம் எறிந்தார்.

"தட்டுங்க."

தட்டினார்.

"பிடிங்க."

பிடித்தார்.

"இனி?"

"தட்டக் கூடாது. யாருக்காவது குடுக்கணும், இல்ல கூடையில போடணும்."

"சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னா?"

"முன்னாடி ஆள் மறிச்சு நின்னா அஞ்சு செகண்டுதான்."

"நீங்க எத்தனை நாளா நிக்கிறீங்க?"

"அஞ்சு மாசமா."

"அந்தப் பொண்ணைப் போய்ப் பார்த்தீங்களா?"

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போவேன்?"

ஜெசிந்தா பந்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் அற்புதராஜ் மதுரைக்கு பஸ் ஏறினார்.

இசக்கி நைட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரை அடையாளம் தெரிந்துகொண்டாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நீ செஞ்சது தப்பே இல்லம்மா. எதிராளி கை பட்டிருக்கு. எனக்குப் பிறகுதான் தெரிஞ்சுது."

"எனக்கு அப்பவே தெரியும் சார்."



"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

இசக்கி நைட்டியின் இரண்டு கைகளையும் உள்ளே மடித்தாள்.

"சொன்னேனே சார். இன்னொரு வார்த்தை பேசினா டெக்னிக்கல் ஃபவுல்னு சொன்னீங்க."