கருங்காலி சொன்ன திருத்தம்

"லாசர் எல்லார் முன்னாலும் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா நான் ஆசிரமத்தை விட்டுப் போயிருதேன்" என்றார் ஞானாபரணம்.

ரஞ்சிதம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தக் கிறிஸ்தவ ஆசிரமத்தை நடத்துகிறவர் அவர். வயதில் ஞானாபரணத்துக்கு இளையவர்.

"உக்காருங்க அண்ணாச்சி. என்ன செஞ்சான்?"

"ஜெபத்துக்கு நடுவிலே குறுக்கே பேசினான்."

ஞானாபரணம் உப்பளச் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர். துண்டறிக்கை எழுதியே எழுத்துப் படித்தவர். போலீஸ் தடிக்கு ஒதுங்காத முதுகு அவருடையது. தலை நரைத்த பிறகு கிறிஸ்துவிடம் வந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை ஆசிரம ஊழியத்துக்கு அர்ப்பணித்துப் பிரதிஷ்டை செய்வதாக இருந்தது.

அதே உப்பளத்தில், வேலைநிறுத்தம் நடந்தபோது, முதலாளியின் லாரியில் ஏறி வேலைக்குப் போனவன் லாசர். அவனும் இப்போது இந்த ஆசிரமத்தில்தான் இருந்தான். கடவுள் ஆள் பார்த்துச் சேர்ப்பதில்லை.

"எங்கே நடந்தது?"

"பாக்கியத்தாய் வீட்டிலே. படுத்த படுக்கையாக் கிடக்கா, பாவம். அவளுக்காக ஜெபிச்சேன். அப்படியே ஏழைகளுக்காக, கூலிக்காரங்களுக்காக, ஜெயில்ல கிடக்கிறவங்களுக்காக. ஜன்னல்ல ஆள் கூடிட்டாங்க. அப்ப இவன், 'போதும், நிறுத்தும் வே, அவ தண்ணி கேக்கா'ங்கான்."

"கேட்டாளா?"

"கேட்டிருப்பா. அதைச் சொல்ல இவன் யாரு? கருங்காலி!"

"கருங்காலி சொன்னா தாகம் இல்லைன்னு ஆயிருமா?"

ஞானாபரணம் குரலை உயர்த்தினார்.

"அம்மா, நான் விமர்சனத்துக்குப் பயந்தவன் இல்லை. பொதுக்குழுவிலே எத்தனையோ தடவை எழுந்து நின்னு சுயவிமர்சனம் செஞ்சிருக்கேன். இங்கேயும் தினமும் 'நான் பாவி'ன்னுதானே சொல்லுதேன்?"

"பொதுக்குழுவிலே சொன்னப்ப என்ன ஆச்சு?"

"கை தட்டினாங்க."

"லாசர் சொன்னப்ப?"

"ஒரு பொம்பளை சிரிச்சா."

அம்மா பூச்சி அரித்த இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தார்.

"நம்மளை நாமளே அடிச்சுக்கிட்டா, வலிக்காத இடமாப் பாத்துத்தான் அடிப்போம் அண்ணாச்சி."

"கதை வேண்டாம். அவன் மன்னிப்புக் கேப்பானா, மாட்டானா? முடிவாச் சொல்லுங்க."

"சொல்லுதேன். முதல்ல நீங்க ஒண்ணு சொல்லுங்க. பாக்கியத்தாய் தண்ணி குடிச்சாளா?"

ஞானாபரணம் வாயைத் திறந்தார்.

தடியடி நடந்த நாளில் எந்தத் தோழர் எங்கே நின்றார் என்று இன்றைக்கும் சொல்லக்கூடியவர். பாக்கியத்தாய் வீட்டில் யார் சிரித்தது, யார் முகத்தைத் திருப்பிக்கொண்டது, எல்லாமே நினைவில் இருந்தது.

"தெரியலை" என்றார். "நான் வெளியே வந்துட்டேன்."

அம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

ஞானாபரணம் எழுந்து வெயிலில் இறங்கி நடந்தார்.

வழியெல்லாம் லாசருக்குச் சொல்லவேண்டிய பதில்கள் நாக்கில் வந்து நின்றன. நல்ல பதில்கள். மேடையில் சொல்லியிருந்தால் எதிரி எழுந்திருக்க மாட்டான். ஒவ்வொன்றாக விழுங்கினார். இரண்டு முறை நின்றார். திரும்பவில்லை.

பாக்கியத்தாய் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் கண்ணயர்ந்திருந்தாள். லாசர் கட்டிலருகே உட்கார்ந்து ஓலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பாமலே சொன்னான்:

"வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காதியும். காத்து வரலை."

ஞானாபரணம் விலகி உள்ளே வந்தார்.

"செருப்பு."

வெளியே போய்க் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

"தண்ணி குடிச்சாளா?"

"குடிச்சா. என்ன, மன்னிப்பு வாங்கிட்டுப் போக வந்தீரோ?"

"இல்லை."

தரையில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட வேற என்ன குறை கண்டீரு?"

லாசரின் விசிறி நின்றது. அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"நெறைய இருக்கு வே."

"சொல்லும். மெதுவாச் சொல்லும், அவ தூங்குதா."